க்யூவில் 600 மெசேஜ், சிபியு 15 சதவீதம்: ஆட்டோ ஸ்கேலிங்கை எதை வைத்து ஓட்டுகிறீர்கள்?

#1 தண்டையார்பேட்டை டெவ்

வணக்கம் மக்களே. கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். மொத்தமே நான்கு பேர், அதனால் சர்வர் வேலையும் என் தலையில்தான்.

காட்டுப்பள்ளியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் டிரெய்லர் யார்டுக்கு வரும்போது கேட்டில் நிற்கும் பையன் போனில் நான்கு போட்டோ எடுப்பான்: கன்டெய்னர் எண், சீல், வண்டி நம்பர், அப்புறம் நெளிசல் ஏதும் இருந்தால் தெரிய கதவுப் பக்கம் ஒன்று. போட்டோ அமேசான் கிளவுடின் எஸ்3 சேமிப்பிடத்துக்குப் போகும், அதற்கான மெசேஜ் அமேசானின் எஸ்க்யூஎஸ் க்யூவில், அதாவது வேலைகள் காத்திருக்கும் வரிசையில், விழும். மும்பை ரீஜனில் ஓடும் வொர்க்கர் புரோகிராம் அதை எடுத்து, வெளிக் கம்பெனி ஒன்றின் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும்) சேவைக்கு அனுப்பி, வந்த எண்ணைச் சரிபார்த்து, டேட்டாபேஸில் எழுதி, கேட் பாஸ் அடிக்கும். ஒரு போட்டோவுக்குச் சராசரியாக 6 நொடி.

சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு 40 போட்டோ வரும். 5 மெஷின் இருக்கிறது, ஒரு மெஷின் ஒரு நேரத்தில் ஒரு மெசேஜ். அது வரைக்கும் சமாளிக்கிறது. சிக்கல் எப்போது என்றால், பொன்னேரி நெடுஞ்சாலையில் வண்டி வரிசை கட்டி நிற்கும்போது பையன்கள் சும்மா இருக்காமல் நடந்தே போய் வரிசை முழுக்கப் போட்டோ எடுத்து வைத்துவிடுகிறார்கள். அங்கே சிக்னல் கிடையாது. கேட்டுக்குத் திரும்பி வைஃபை கிடைத்ததும் ஆப் மொத்தத்தையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறது. 150 வண்டி என்றால் 600 போட்டோ. அது காலியாக ஒரு மணி நேரம் ஆகிறது.

சிபியு 60 சதவீதம் தாண்டினால் மெஷின் கூட்டு என்று ஆட்டோ ஸ்கேலிங் போட்டிருக்கிறது. ஆனால் க்யூ நிரம்பி வழியும்போதும் சிபியு 15 சதவீதத்தில் படுத்துக் கிடக்கிறது. 30 மெஷின் வரைக்கும் ஏற முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். எதை வைத்து ஏற்றுவது?

#2 வியாசை வினோ

சிபியுவை விடுங்க ப்ரோ. விசிபிள் மெசேஜ் (இன்னும் எந்த வொர்க்கரும் எடுக்காதது) எண்ணிக்கைக்கு ஒரு அலாரம் வையுங்க. 100 தாண்டினால் 5 மெஷின் கூட்டு, 10-க்குக் கீழே போனால் 5 குறை. எங்கள் ஆபீஸில் ரொம்ப நாளாக அப்படித்தான் ஓடுகிறது.

#3 மாதவரம் மலர்

வினோ சொல்வது சிபியுவைவிட நல்ல வழி. ஆனால் வெறும் எண்ணிக்கை பாதி உண்மைதான் சொல்லும். 600 மெசேஜ் 5 மெஷினுக்கு முன்னால் நிற்பதும் 30 மெஷினுக்கு முன்னால் நிற்பதும் ஒன்றா? டார்கெட் டிராக்கிங் முறை (ஒரு அளவை இலக்கிலேயே வைத்திருக்க மெஷினைத் தானாகக் கூட்டிக் குறைப்பது) சரியாக வேலை செய்ய, மெஷின் இரண்டு மடங்கானால் அளவு பாதியாகக் குறைய வேண்டும். க்யூ நீளம் அப்படி நடந்துகொள்ளாது. அதனால்தான் 'ஒரு மெஷினுக்கு எத்தனை மெசேஜ் நிலுவை' என்று வகுத்து, அதை இலக்காக வைக்கச் சொல்கிறது அமேசானின் ஆவணமே.

கணக்கு எளிது. ஒரு மெசேஜ் அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை ஒரு மெசேஜுக்கு ஆகும் நேரத்தால் வகுங்கள். அதுதான் ஒரு மெஷின் தாங்கும் நிலுவை.

சிபியு ஏன் படுத்துக் கிடக்கிறது என்பது தெரிந்ததே. உங்கள் வொர்க்கர் 6 நொடியில் பெரும்பகுதி ஓசிஆர் பதிலுக்காகச் சும்மா காத்திருக்கிறது. காத்திருப்பதற்கு சிபியு தேவையில்லை.

டெவ், ஒரே கேள்வி: அந்தக் 'காத்திருக்கலாம்' நேரம் உங்களிடம் இருக்கிறதா? யாராவது யார்டில் கேட்டுப் பார்த்தீர்களா?

#4 தண்டையார்பேட்டை டெவ்

அப்படி ஒரு எண் இல்லை அக்கா. 'சீக்கிரம் வரணும்' என்றுதான் சொல்வார்கள்.

#5 கொருக்குப்பேட்டை குமாரு

'சீக்கிரம்' என்பதை அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் எந்தக் கட்டத்தில் டைப் பண்ணுவது என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கப்பா.

#6 ஆண்டார்குப்பம் யார்டு

நான் கோடிங் ஆள் இல்லை. ஒரு யார்டில் கேட் ஷிப்ட் பார்க்கிறேன், தம்பி சொல்வது போன்ற ஆப் ஒன்றைத்தான் தினமும் ஓட்டுகிறோம். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன்.

கேட்டில் வண்டி நிற்கலாம், 2 நிமிடம். அதற்கு மேல் போனால் பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிப்பான், வரிசை ரோட்டுக்கு வந்துவிடும், டிராஃபிக் போலீஸ் வந்து எங்களைத்தான் பிடிப்பார். ஆகவே 2 நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான்கு போட்டோவுக்கும் ஏன் இந்த அவசரம் என்பது எனக்குப் புரியவில்லை. கேட் பாஸுக்கு வேண்டியது கன்டெய்னர் எண்ணும் சீலும் மட்டும்தான். வண்டி நம்பர் ஏற்கெனவே டிரான்ஸ்போர்ட்காரர் அனுப்பிய லிஸ்டில் இருக்கிறது. கதவுப் போட்டோ, பார்ட்டி 'என் பெட்டி நெளிந்துவிட்டது' என்று சண்டைக்கு வரும்போதுதான் தேவைப்படும். அது பில்லோடு சேர்த்துக் காலையில் இருந்தால் போதும். இதற்கும் அதற்கும் ஒரே வரிசையா?

#7 எண்ணூர்க்காரன்

யார்டு அண்ணன் சொன்னதை இரண்டு முறை படியுங்கள். இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே பெரிய ஸ்கேலிங் யோசனை அதுதான்.

இப்போது கணக்கு. 120 நொடி காத்திருக்கலாம், ஒன்றுக்கு 6 நொடி, ஆக ஒரு மெஷினுக்கு 20. 600-ஐ 20-ஆல் வகுத்தால் 30 மெஷின். முதலாளி சொன்ன எண்ணே வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் அந்த 30 மெஷின் எப்போது வரும்?

எஸ்க்யூஎஸ் தன் அளவுகளை கிளவுட்வாட்சுக்கு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் தரும். டார்கெட் டிராக்கிங் தானாக உருவாக்கும் ஏற்ற அலாரம் வழக்கமாக 3 நிமிடம் தொடர்ந்து மீறினால்தான் அடிக்கும். அப்புறம் மெஷின் எழுந்து, டாக்கர் இமேஜை (வொர்க்கர் புரோகிராமின் பொதி) இழுத்து, வொர்க்கர் கண் திறக்க இன்னும் 2, 3 நிமிடம். நீங்கள் கொடுத்த வாக்கு 2 நிமிடம், உதவி வந்து சேர 6 நிமிடம். இந்த மாதிரித் திடீர் தள்ளலை ஆட்டோ ஸ்கேலிங்கால் காப்பாற்ற முடியாது. கூட்டம் கலைந்த பிறகு 30 மெஷினும் வந்து வரிசையாக நிற்கும், அதற்கும் காசு.

அடுத்தது இன்னும் அடிப்படையான விஷயம். ஒரு மெஷின் ஏன் ஒரு நேரத்தில் ஒரே மெசேஜ் எடுக்கிறது? எஸ்க்யூஎஸ் ஒரு அழைப்பில் 10 மெசேஜ் வரை கொடுக்கும். வேலை பெரும்பாலும் காத்திருப்புதான் என்று மலர் சொல்லிவிட்டார். ஒரு மெஷினில் 8 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 8 மெசேஜ், ஓட்டினால் என்ன குறைந்துவிடும்?

அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். ஓசிஆர் கம்பெனி நொடிக்கு எத்தனை கோரிக்கை அனுமதிக்கிறது?

#8 தண்டையார்பேட்டை டெவ்

இப்போதுதான் ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்தேன். நொடிக்கு 10. தாண்டினால் 429 என்று திருப்பி அனுப்பிவிடுமாம்.

#9 எண்ணூர்க்காரன்

அப்போது 30 மெஷின் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது. ஒரு அமைப்புக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றால், நொடிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை, ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். நொடிக்கு 10, ஒவ்வொன்றும் 6 நொடி. ஆக ஒரே நேரத்தில் 60 கோரிக்கைதான் அந்த ஓசிஆர் கதவுக்குள் இருக்க முடியும். மெஷினுக்கு 8 த்ரெட் வீதம் 7 மெஷின் போட்டால் 56. எட்டாவது மெஷின் 429 வாங்குவதற்காக மட்டும் ஓடும். யார்டில் ஒரே ஒரு வே பிரிட்ஜை வைத்துக்கொண்டு நூறு டிரெய்லரை வாடகைக்கு எடுத்தது போல.

இப்போதிருக்கும் 5 மெஷினையே பாருங்கள். 5 x 8 = 40 ஒரே நேரத்தில். நொடிக்கு 6.67 போட்டோ முடியும். வழக்கமான வரவு நொடிக்கு 0.67 போனால் மிச்சம் 6. 600 போட்டோ 100 நொடியில் காலி. 2 நிமிடத்துக்குள். ஒரு மெஷின்கூடக் கூட்டவில்லை.

யார்டு அண்ணன் சொன்னபடி இரண்டு போட்டோவை வேறு க்யூவுக்குத் தள்ளினால் 300-தான் அவசரம். 50 நொடி.

#10 கொருக்குப்பேட்டை குமாரு

முதலாளியிடம் '30 மெஷின் வேண்டாம்' என்று யார் சொல்வது? எனக்கு அந்த முகத்தைப் பார்க்கணும்.

#11 ராயபுரம் ரயில்

எல்லோரும் வொர்க்கரையே பார்க்கிறீர்கள், கடைசியில் எழுதுகிற டேட்டாபேஸை யாரும் கேட்கவில்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பு அமைப்பில் 100 கனெக்ஷன்தான் அனுமதிக்கும், அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. மெஷினுக்கு 20 கனெக்ஷன் பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகள்) என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருப்பார்கள். 5 மெஷின் என்றால் 100 ஆகிவிட்டது. த்ரெட் 8 என்றால் பூலும் 8 போதும்.

இன்னொன்று. எஸ்க்யூஎஸ் ஸ்டாண்டர்டு க்யூ ஒரு மெசேஜைக் குறைந்தது ஒரு தடவை தரும் என்றுதான் சொல்கிறது, ஒரே ஒரு தடவை என்று சொல்லவில்லை. விசிபிலிட்டி டைம்அவுட், அதாவது ஒரு வொர்க்கர் எடுத்த மெசேஜ் மற்றவர் கண்ணில் படாமல் இருக்கும் நேரம், இயல்பாக 30 நொடி. ஓசிஆர் 429 கொடுத்து, வொர்க்கர் நின்று நின்று மறுபடி கேட்டு 30 நொடியைத் தாண்டினால், அதே மெசேஜ் இன்னொரு வொர்க்கர் கைக்கும் போய்விடும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே பெட்டிக்கு இரண்டு கேட் பாஸ் அடித்து, இரண்டாவது பாஸை வைத்து வேறு வண்டி உள்ளே வந்து, ராத்திரி ஒரு மணிக்கு யார்டே அல்லோலகல்லோலம். கன்டெய்னர் எண், யார்டு, வருகை எண் மூன்றையும் சேர்த்து டேபிளில் ஒரு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது தடவை வந்தால் டேட்டாபேஸே தள்ளிவிடும். டைம்அவுட்டையும் 60 நொடியாக்குங்கள்.

#12 வியாசை வினோ

சரி, சர்வரே எதற்கு? நம் கோடை அமேசானே தேவைக்கேற்ப ஓட்டிக் கொடுக்கும் லாம்டா போட்டால் ஸ்கேலிங் கவலையே இல்லையே.

#13 மாதவரம் மலர்

கேட் க்யூவுக்கு லாம்டா போடலாம், தப்பில்லை. ஆனால் 6 நொடி ஓசிஆருக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் லாம்டா மீட்டர் ஓடும். ஒரு மெஷினில் 8 த்ரெட் பங்கிட்டுக் காத்திருப்பது போல ஒரு லாம்டா இன்வொகேஷனை (ஒரு ஓட்டத்தை) பங்கிடுவது அத்தனை சுலபமில்லை. அப்படியே போட்டாலும் 2023 முதல் எஸ்க்யூஎஸ் இணைப்பிலேயே அதிகபட்ச கன்கரன்சி (ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டம்) அமைப்பு இருக்கிறது, அதைக் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் நொடிக்கு 10 என்ற வரம்பை முதல் தள்ளலிலேயே உடைத்துவிடும்.

பில்லிங் பக்கம் லாம்டா ஒத்துவராமல் போகலாம், ஒரு ஓட்டத்துக்கு 15 நிமிடம்தான் உச்சம். டெவ், உங்கள் ராத்திரி வேலை எப்படி?

#14 தண்டையார்பேட்டை டெவ்

மாதக் கடைசியில் 200 பார்ட்டிக்கு ஸ்டேட்மென்ட். ஒவ்வொன்றுக்கும் அந்த மாதப் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து பிடிஎஃப் ஆக்க சுமார் 10 நிமிடம், பெரிய பார்ட்டிக்கு 20-கூட. இதில் சிபியு முழுக்க ஓடும். இரவு 8-க்கு ஆரம்பித்துக் காலை 6-க்குள் முடிய வேண்டும். இப்போது இதுவும் அதே 5 மெஷினில்தான்.

#15 மாதவரம் மலர்

இதுதான் ஆட்டோ ஸ்கேலிங்குக்கு ஏற்ற வேலை. மாதத்தில் ஒரு ராத்திரி, மற்ற நாளில் பூஜ்ஜியம். கேட் மெஷினிலிருந்து முதலில் இதைப் பிரியுங்கள், பிடிஎஃப் சிபியுவைத் தின்னும்போது கேட் பாஸ் தாமதமாகக் கூடாது.

ஆனால் நான் மேலே சொன்ன கணக்கை அப்படியே இங்கே போடாதீர்கள். 10 மணி நேரம் என்றால் 600 நிமிடம், ஒன்றுக்கு 10 நிமிடம், ஆக மெஷினுக்கு 60 நிலுவை. 200-க்கு 4 மெஷின். காகிதத்தில் சரி. க்யூ 100-ஆகக் குறைந்ததும் என்ன ஆகும்? 100-ஐ 60-ஆல் வகுத்து 2 மெஷின் போதும் என்று குறைத்துவிடும். மிச்சம் 100 ஸ்டேட்மென்ட் இரண்டு மெஷினில் 500 நிமிடம். அது எட்டு மணி நேரத்துக்கும் மேல், காலை 6 மணி எப்போதோ போயிருக்கும். நிலுவை குறைவது போலவே மீதி நேரமும் குறைகிறது என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிய வேண்டிய வேலைக்கு, 8 மணிக்கு ஷெட்யூல் போட்டு 5 அல்லது 6 மெஷின் ஏற்றுங்கள், க்யூ முழுக்கக் காலியாகும் வரை ஒன்றையும் குறைக்காதீர்கள். லினக்ஸ் மெஷினுக்கு நொடிக் கணக்கில்தான் காசு, 4 மெஷின் 9 மணி நேரம் ஓடினாலும் 6 மெஷின் 6 மணி நேரம் ஓடினாலும் பில் ஒன்றுதான்.

'காலி' என்பதிலும் கவனம். விசிபிள் பூஜ்ஜியமாக இருக்கும்போதே ஆறு பிடிஎஃப் வொர்க்கர்கள் கையில் பாதியில் இருக்கும். அதை இன் ஃபிளைட் எண்ணிக்கை காட்டும். இரண்டையும் கூட்டிப் பூஜ்ஜியமானால்தான் மெஷினை அணைக்க வேண்டும்.

#16 எண்ணூர்க்காரன்

அணைப்பது பற்றி மலர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுவது சுலபம், இறக்குவதில்தான் எல்லாரும் அடிவாங்குவது. எந்த மெஷினை எடுப்பது என்று ஆட்டோ ஸ்கேலிங் குரூப் முடிவு செய்யும்போது அது பாதி வேலையில் இருக்கிறதா என்று பார்க்காது. வொர்க்கர் மெசேஜ் எடுத்ததும் தன் மீது ஸ்கேல் இன் பாதுகாப்பை ('இப்போது என்னை அணைக்காதே' என்ற குறி) போட்டுக்கொண்டு, முடித்ததும் கழற்றிவிட வேண்டும். நீண்ட வேலையில் சில நிமிடத்துக்கு ஒரு தடவை விசிபிலிட்டி டைம்அவுட்டை நீட்டிக்கொண்டே இருங்கள், 12 மணி நேரம் வரை நீட்டலாம்.

காசு மிச்சம் என்று ஸ்பாட் மெஷின் (மலிவு, ஆனால் அமேசான் நடுவில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்) போட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கே செல்லாது. 2 நிமிட முன்னறிவிப்பு, அவ்வளவுதான். 10 நிமிட பிடிஎஃப் 2 நிமிடத்தில் முடியாது. அறிவிப்பு வந்ததும் புதிதாக எதையும் எடுக்காமல், கையில் இருக்கும் மெசேஜின் டைம்அவுட்டைப் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள், உடனே வேறு மெஷின் எடுத்துக்கொள்ளும். ஸ்டேட்மென்டை வாரம் வாரமாகப் பிரித்துச் சின்னச் சின்ன மெசேஜாகப் போட்டால் இழப்பும் சின்னதாக இருக்கும்.

கேட் வொர்க்கருக்கு இவ்வளவு தேவையில்லை. சிக்டெர்ம் (புரோகிராமை நிறுத்தச் சொல்லும் சிக்னல்) வந்தால் புதிதாக எடுக்காதே, கையில் உள்ளதை முடி, வெளியே போ. 6 நொடி வேலைதானே.

#17 வியாசை வினோ

பூஜ்ஜியத்துக்கு இறக்குவது என்றால் குபர்னெட்டிஸில் (பல மெஷினில் புரோகிராம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) கேடா என்ற ஸ்கேலிங் கருவி நன்றாக இருக்கும். 2019-இல் மைக்ரோசாஃப்டும் ரெட் ஹேட்டும் தொடங்கியது. க்யூவை 30 நொடிக்கு ஒரு தடவை நேரடியாகவே கேட்டுப் பார்க்கும், கிளவுட்வாட்ச் தாமதம் இல்லை.

#18 மாதவரம் மலர்

நான்கு பேர் கம்பெனிக்கு இந்த ஒரு வேலைக்காகக் குபர்னெட்டிஸ் வேண்டாம் வினோ. ஆனால் அந்தக் கிளவுட்வாட்ச் விஷயம் முக்கியம். ஆறு மணி நேரத்துக்கு மேல் யாருமே தொடாத க்யூவை எஸ்க்யூஎஸ் செயலற்றது என்று வைத்துவிடும். மறுபடி உயிர் வந்ததும் அளவுகள் வரவே 15 நிமிடம் வரை ஆகலாம். மெஷினைப் பூஜ்ஜியமாக வைத்துவிட்டு, மெசேஜ் வந்தால் அலாரம் எழுப்பும் என்று காத்திருந்தால் கால் மணி நேரம் எதுவும் அசையாது. ராத்திரி பில்லுக்குப் பரவாயில்லை. கேட் க்யூவை மட்டும் ஒருபோதும் பூஜ்ஜியத்துக்கு விடாதீர்கள்.

#19 ராயபுரம் ரயில்

மெசேஜ் சேமிப்புக் காலத்தையும் பாருங்கள். இயல்பு 4 நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலிப் பக்கம் ஒரு வாடிக்கையாளரின் சர்வர் அறையே தண்ணீரில். அவர்களுக்கு அனுப்ப வேண்டியதெல்லாம் எங்கள் க்யூவில் தேங்கியது. இரண்டாம் நாளே 14 நாளாக மாற்றிவிட்டோம், அதற்கு மேல் எஸ்க்யூஎஸ் விடாது. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்திருந்தால் மெசேஜ் சத்தமில்லாமல் போயிருக்கும். எந்த அலாரமும் அடித்திருக்காது.

#20 தண்டையார்பேட்டை டெவ்

நிலவரம் சொல்ல வந்தேன். கேட் க்யூ, மெது க்யூ, பில் க்யூ என்று மூன்றாகப் பிரித்தாயிற்று. கேட் மெஷினில் 8 த்ரெட், பூல் 8, டைம்அவுட் 60. சனிக்கிழமை சாயங்காலம் எம்எஃப்எல் சந்திப்பில் அடைப்பு திறந்து நல்ல தள்ளல் வந்தது. கூட்டத்தில் ஓசிஆர் 6 நொடி 8 நொடியாக இழுத்தது, ஆனாலும் அவசரப் போட்டோ எல்லாம் ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. மெது க்யூவுக்கு ஒரே மெஷின், 2 த்ரெட், அது பாட்டுக்கு ஓடுகிறது. முதலாளி 30 மெஷின் கதையை மறந்தே போனார். குமாரு எதிர்பார்த்த முகம் எதுவும் வரவில்லை.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. கன்டெய்னர் எண் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். மங்கலான போட்டோவில் அந்தக் கடைசி இலக்கம் ஒத்துப்போகாது, வொர்க்கர் தோல்வி என்று விட்டுவிடும், மெசேஜ் மறுபடி வரும், மறுபடி தோற்கும். சில மெசேஜ் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

#21 எண்ணூர்க்காரன்

டெட் லெட்டர் க்யூ (தோற்ற மெசேஜை ஒதுக்கி வைக்கும் தனி க்யூ) வைத்து 3 முயற்சியில் வெளியே தள்ளுங்கள். எண்ணே தப்பு என்றால் மூன்று முயற்சிகூட வீண், மங்கல் போட்டோ மறுபடி அனுப்பினால் தெளிவாகாது. நெட்வொர்க் கோளாறுக்கு மட்டும் மறுமுயற்சி. டெட் லெட்டரின் சேமிப்புக் காலத்தை 14 நாளாக்குங்கள். அங்கே போன பிறகும் வயது முதலில் க்யூவில் விழுந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படும்.

#22 ஆண்டார்குப்பம் யார்டு

அந்த டெட் லெட்டர் என்பதை யார் பார்ப்பார்கள்? தம்பி காலையில் ஆபீஸ் வந்து பார்ப்பார் என்றால் அதுவரை வண்டி என் கேட்டில்தான் நிற்கும். படிக்க முடியவில்லை என்றால் அடுத்த நொடியே பையன் போனில் காட்டுங்கள், அவனே எண்ணைப் பார்த்து டைப் பண்ணிவிடுவான்.

#23 தண்டையார்பேட்டை டெவ்

சரிண்ணே, போனிலேயே காட்டிவிடலாம். கையால் அடிக்கிற எண்ணுக்கும் கடைசி இலக்கச் சரிபார்ப்பு வைத்துவிடுகிறேன். ஒத்துவராவிட்டால் கேட் பாஸ் வராது, திரும்ப அடிக்கச் சொல்லும்.

#24 ஆண்டார்குப்பம் யார்டு

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். ராத்திரி ஷிப்ட்டில் இருப்பவர் கண்ணாடி போடுகிறவர்.